நாற்பது குத்திக்கு ஒரு புள்ளி



கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 8 முதல் 11 வரை படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். இதில் கணக்கும் இருக்கிறது, நான் விட்ட ஒரு பிழையும் இருக்கிறது.

போன வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சை. தரம் 10 வினாத்தாளில் நான் போட்ட கணக்கு இது:

“ஓர் உண்டியலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குத்திகள் மாத்திரம் உள்ளன. மொத்தம் 40 குத்திகள். அவற்றின் மொத்தப் பெறுமதி 290 ரூபாய். ஒவ்வொரு வகையிலும் எத்தனை குத்திகள் உள்ளன?”

இதற்கு ஐந்து புள்ளி. இரண்டு சமன்பாடுகளை அமைத்தால் இரண்டு புள்ளி, தீர்க்கும் படிகளுக்கு இரண்டு, விடைக்கு ஒன்று.

ஒரு மகன் விடையை மட்டும் எழுதியிருந்தான். (பெயர் வேண்டாம். அவனுடைய உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) ஐந்து ரூபாய்க் குத்தி 22, பத்து ரூபாய்க் குத்தி 18. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக மூன்று எண்கள்: 200, 90, 18. சமன்பாடு இல்லை. எக்ஸ் இல்லை, வை இல்லை.

ஒரு புள்ளி போட்டேன். சிவப்புப் பேனையால் “செய்கை எங்கே?” என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது முழு வகுப்புக்கும் முன்னால், “இதை யாரைப் பார்த்து எழுதினாய்?” என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கிழமை போன பிறகுதான் மனது உறுத்தியது.

அவனுடைய உம்மா காலையில் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்கிறவர். வாப்பா கட்டாரில். ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு அப்பம் வாங்கும் சாட்டில் போனேன். வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். மகன்தான் காசு வாங்கிப் போடுகிறான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இரிங்க டீச்சர், சனம் போகட்டும்” என்றார் உம்மா. ஒரு கதிரையில் இருந்தேன்.

கடைசி ஆளும் போன பிறகு மகன் பால்மா டின்னைக் கவிழ்த்துக் காசை எண்ணினான். உம்மா கேட்டார், “எத்தின முட்டை அப்பம் போயிருக்கு மகன்?” அவர் அதை எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. அடுப்பு, மா, தாச்சி, சனம் என்று நிற்கிறவர் எப்படி எண்ணுவார்? மொத்தம் எத்தனை அப்பம் இறக்கினார் என்பது மட்டும் தெரியும்.

அவன் சொன்னான், அப்படியே எழுதுகிறேன்: “ஐம்பது அப்பம் போயிருக்கு. எல்லாம் சாதா அப்பம் எண்டா ஆயிரத்தி ஐநூறு. கையில ரெண்டாயிரத்தி இருநூறு இருக்கு. எழுநூறு கூட. ஒரு முட்டை அப்பத்துக்கு எழுபது கூட. அப்ப பத்து முட்டை அப்பம்.”

சாதா அப்பம் 30 ரூபாய், முட்டை அப்பம் 100 ரூபாய். சொல்லிவிட்டு முட்டைத் தட்டைப் பார்த்தான். முப்பதில் இருபது இருந்தது. “சரி உம்மா” என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 200, 90, 18. அந்த மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. நாற்பது குத்தியும் ஐந்து ரூபாய் என்றால் 200. இருப்பது 290. 90 கூட. ஒரு பத்து ரூபாய்க் குத்திக்கு 5 கூட. 90ஐ 5ஆல் பிரித்தால் 18. அவன் யாரையும் பார்த்து எழுதவில்லை. தினமும் காலையில் செய்கிற கணக்கைத்தான் என் வினாத்தாளிலும் செய்திருக்கிறான்.

உம்மா மெதுவாகச் சொன்னார்: “டீச்சர் தன்னைக் கள்ளன் எண்டு சொன்னதாம். இனி ஸ்கூலுக்குப் போக மாட்டேனாம்.”

நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. விழுந்ததும் நியாயம்தான்.

அங்கேயே அவனிடம் சொன்னேன், “மகன், நான் கேட்டது பிழை. வகுப்பில் கேட்டேன், வகுப்பில்தான் சொல்ல வேணும். நாளைக்கு வாங்க.” அவன் வந்தான். பிள்ளைகளுக்கு முன்னால், “அண்டைக்கு நான் கேட்டது பிழை, இவர் பார்த்து எழுதவில்லை” என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆசிரியராக இருந்து மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை.

பிறகு பலகையை இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் அவனுடைய வழி, வலது பக்கம் புத்தக வழி. பலகையில் எக்ஸ், வை என்றுதான் எழுதினேன். இங்கே எல்லோரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக ம, ந என்று வைக்கிறேன்.

ஐந்து ரூபாய்க் குத்திகளின் எண்ணிக்கை ம.
பத்து ரூபாய்க் குத்திகளின் எண்ணிக்கை ந.

ம + ந = 40
5ம + 10ந = 290

முதல் சமன்பாட்டை 5ஆல் பெருக்குங்கள்:

5ம + 5ந = 200

இரண்டாவதிலிருந்து இதைக் கழியுங்கள்:

5ந = 90
ந = 18, ஆகவே ம = 22

இப்போது இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அவன் “எல்லாம் ஐந்து ரூபாய் எண்டா 200” என்றான். புத்தகம் முதல் சமன்பாட்டை 5ஆல் பெருக்கி 200 என்றது. அவன் “90 கூட” என்றான். புத்தகம் கழித்து 90 என்றது. அவன் 5ஆல் பிரித்தான். புத்தகமும் 5ஆல் பிரித்தது. ஒரு படி கூட வித்தியாசம் இல்லை. சமன்பாடு என்பது வேறு எங்கிருந்தோ வந்த வித்தை இல்லை, வாசலில் அப்பம் விற்கிற பிள்ளை மனதால் செய்வதைக் கடதாசியில் எழுதுகிற முறை என்று அன்றைக்குத்தான் வகுப்புக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதானே: முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எழுத்து. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நான் நேரே எழுத்துக்குப் போய்விட்டேன்.

சரி, விடை சரியென்றால் பிள்ளைகள் ஏன் இந்தக் கணக்கில் விழுகிறார்கள்? நான் கண்ட காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்து எதைக் குறிக்கிறது என்பது விளங்காமல் இருப்பது. “ம என்றால் என்ன?” என்று கேட்டால் பாதி வகுப்பு “ஐந்து ரூபாய்க் குத்தி” என்று சொல்லும். அது பிழை. ம என்பது குத்தி அல்ல, குத்திகளின் எண்ணிக்கை. அது ஓர் எண். ஒரு குத்தியின் பெறுமதியை 5 சொல்கிறது, எத்தனை குத்தி என்பதை ம சொல்கிறது, இரண்டும் பெருகி வரும் 5ம என்பது அந்தக் குத்திகள் எல்லாவற்றினதும் பெறுமதி. ஐந்துக்கு ஐ, பத்துக்கு ப என்று எழுத்து வைக்காமல் விட்டதும் இதனால்தான். அப்படி வைத்தால் எழுத்தைக் கண்டவுடனே பிள்ளைக்குக் குத்திதான் ஞாபகம் வரும், எண்ணிக்கை வராது.

இரண்டாவது, எண்ணிக்கையையும் பெறுமதியையும் கலப்பது. ம + ந = 290 என்று எழுதிய பிள்ளைகள் பலர். இந்தக் கணக்கில் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. ஒன்று எத்தனை என்று சொல்கிறது, மற்றது எவ்வளவு என்று சொல்கிறது. எத்தனையை எத்தனையோடுதான் கூட்டலாம். எவ்வளவை எவ்வளவோடுதான் கூட்டலாம். கேள்வியை வாசித்தவுடன் பேனையை எடுக்காமல், முதலில் இந்த இரண்டு வசனத்தையும் வாயால் சொல்லப் பழக்குங்கள். சமன்பாடு தானாக வரும்.

மூன்றாவது, “மடங்கு” என்ற சொல். “ஐந்து ரூபாய்க் குத்திகள் பத்து ரூபாய்க் குத்திகளைப் போல் இரண்டு மடங்கு” என்றால் பிள்ளை 2ம = ந என்று எழுதுவான். வசனம் போகிற வரிசையில் அப்படியே எழுதிவிடுகிறான். ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க் குத்தி 3 என்றால் ஐந்து ரூபாய்க் குத்தி 6. அப்படியானால் ம = 2ந. கூடுதலாக இருப்பது எது என்று ஒரு தரம் கேட்டால் போதும், இந்தப் பிழை நின்றுவிடும்.

இதே கணக்கை ஓர் எழுத்தை மட்டும் வைத்தும் செய்யலாம். ஐந்து ரூபாய்க் குத்தி ம என்றால், பத்து ரூபாய்க் குத்தி 40 − ம.

5ம + 10(40 − ம) = 290
5ம + 400 − 10ம = 290
400 − 5ம = 290

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கி.பி. 820 அளவில், கலீஃபா அல் மஃமூனின் காலத்தில், பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரில் இரண்டு சொற்கள் வருகின்றன: அல் ஜப்ர், அல் முகாபலா. அட்சரகணிதத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள அல்ஜிப்ரா என்ற பெயர் அந்த முதல் சொல்லிலிருந்து வந்ததுதான். அதை ஏதோ மந்திரச் சொல் மாதிரி நாங்கள் படித்தோம். ஆனால் அது மேலே உள்ள கணக்கின் அடுத்த படிதான். 400இலிருந்து 5ம குறைந்திருக்கிறது. குறைந்ததை நிரப்பிக் கொடுங்கள், இரண்டு பக்கமும் 5ம கூட்டுங்கள்:

400 = 290 + 5ம

குறைவை நிரப்புவது ஜப்ர். இப்போது இரண்டு பக்கத்திலும் 290 இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று நேர்வைத்து எடுத்துவிடுங்கள்:

110 = 5ம
ம = 22

அது முகாபலா.

இன்னொன்றும் உண்டு. அந்த நூலில் எக்ஸ் இல்லை, வை இல்லை, கூட்டல் அடையாளம்கூட இல்லை. எல்லாம் சொற்களால் எழுதப்பட்டது. தெரியாத எண்ணை அவர் “ஷய்” என்று சொன்னார், அதாவது “பொருள்”. வெறும் எண்களைத் திர்ஹம் கணக்கில் சொன்னார். வாரிசுச் சொத்துப் பங்கீடும் கொடுக்கல் வாங்கலும் அந்த நூலில் பெரும் பகுதி. ஆக, அட்சரகணிதம் பிறக்கும்போதே காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிறந்திருக்கிறது. என் புள்ளித் திட்டத்தில் திருத்தியிருந்தால் அல் குவாரிஸ்மிக்கும் ஒரு புள்ளிதான் கிடைத்திருக்கும். இதைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. இந்த முறை அவனும் சிரித்தான்.

அப்படியானால் எழுத்தே தேவையில்லையா? அவனும் அதைத்தான் கேட்டான். “டீச்சர், எனக்கு மனசால வருது. பிறகு எக்ஸ் எதுக்கு?”

நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் இன்னொரு கணக்கைக் கொடுத்தேன். 3 கொப்பியும் 4 பேனையும் 470 ரூபாய். 5 கொப்பியும் 2 பேனையும் 550 ரூபாய். ஒரு கொப்பி என்ன விலை, ஒரு பேனை என்ன விலை? “எல்லாம் கொப்பி எண்டா” என்று தொடங்கினான், நின்றுவிட்டான். கொப்பி விலையே தெரியாது. பத்து நிமிடம் இருந்தான். பிறகு பேனையை எடுத்தான்.

கொப்பி விலை ம, பேனை விலை ந.

3ம + 4ந = 470
5ம + 2ந = 550

இரண்டாவதை இரண்டு மடங்காக்கினால் 10ம + 4ந = 1100. முதலாவதைக் கழித்தால் 7ம = 630. கொப்பி 90, பேனை 50. “அப்ப இதுக்குத்தான் எழுத்து” என்றான். மனது தாங்குகிற வரைக்கும் மனது போதும். மனதுக்குப் பாரம் கூடும்போது கடதாசியில் இறக்கி வைக்கத்தான் எழுத்து. அதோடு, ஓ.எல். பேப்பரைத் திருத்துகிறவர் அவனுடைய வீட்டு வாசலில் அப்பம் வாங்கப் போகப் போவதில்லை. அவருக்குப் பிள்ளையின் மனது தெரியாது, தாள் மட்டும்தான் தெரியும். அதனால் எழுதத்தான் வேண்டும்.

விடை வந்தவுடன் வேலை முடியவில்லை என்பதையும் குத்திக் கணக்குதான் நன்றாகச் சொல்லித் தரும். ஒரு தடவை நானே அவசரத்தில் பலகையில் 290க்குப் பதிலாக 293 என்று எழுதிவிட்டேன். சமன்பாடு ஒன்றும் சொல்லாமல் ந = 18.6 என்று விடை தந்தது. பின் வாங்கில் இருந்த ஒரு மகள், “டீச்சர், பத்து ரூபாய்க் குத்தியில 18.6 எப்புடி? வெட்டுறதா?” என்று கேட்டாள். குத்தியை வெட்ட முடியாது. ஐந்தும் பத்தும் மட்டும் இருந்தால் மொத்தம் 0இல் அல்லது 5இல்தான் முடியும், 293 வரவே வராது. எழுத்து எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளும், உண்டியல் ஏற்றுக்கொள்ளாது. விடையைத் திரும்ப உண்டியலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நாள் வேண்டுமென்றே மூன்று வகைக் குத்தி கொடுத்தேன். 2, 5, 10 ரூபாய்க் குத்திகள், மூன்று வகையும் இருக்க வேண்டும், மொத்தம் 20 குத்திகள், பெறுமதி 100 ரூபாய். ஒருவன் 5, 12, 3 என்றான். இன்னொருத்தி 10, 4, 6 என்றாள். இரண்டு பேரும் சண்டை. கூட்டிப் பாருங்கள், இரண்டும் சரி. தெரியாதவை மூன்று, நான் கொடுத்த தகவலோ இரண்டு. அதனால் ஒரு விடையில் வந்து நிற்கவில்லை. “சரியான விடை ஒன்றுதான் இருக்கும், அது டீச்சரிடம்தான் இருக்கும்” என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு நல்ல பாடம்.

பெற்றோருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். இப்போது கடையில் மிச்சக் காசுக்கு டொபி தருகிறார்கள், இரண்டு ரூபாய்க் குத்தியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிள்ளைகள் சில்லறை எண்ணுவது குறைந்துவிட்டது. வீட்டில் இருக்கும் சில்லறை டின்னைக் கொடுங்கள். நீங்கள் இரகசியமாக எண்ணிவிட்டு, “பத்து ரூபாயும் இருபது ரூபாயும் சேர்த்து 25 குத்தி, 340 ரூபாய், எது எத்தனை?” என்று கேளுங்கள். முதலில் வாயால் சொல்லட்டும். பிறகு சொன்னதையே எழுதட்டும். கடைசியில் டின்னைக் கொட்டி எண்ணிப் பார்க்கட்டும். (16ம் 9ம் வந்தால் சரி.) அதோடு, பிள்ளைக்கு முன்னால் “எனக்கும் கணக்கு வராது” என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்தையில் மீன் வாங்கும்போது நீங்கள் செய்வதும் கணக்குத்தான்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு: செய்கை இல்லாமல் சரியான விடையைக் கண்டால், “யாரைப் பார்த்தாய்?” என்று கேட்காமல் “எப்படி வந்தது?” என்று கேட்போம். முதல் கேள்வியால் நான் ஒரு கிழமை ஒரு பிள்ளையை இழந்திருந்தேன். அவனுடைய உம்மா அப்பம் சுடாமல் இருந்திருந்தால், நான் அங்கே போகாமல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை திரும்பி வந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

அவன் இப்போது தரம் 11. அல்ஹம்துலில்லாஹ், ஒழுங்காக வருகிறான். சமன்பாடும் எழுதுகிறான். மூன்றாம் தவணையில் இதே மாதிரியான கணக்குக்கு ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொரு கணக்குக்கும் கீழே 22 × 5 = 110, 18 × 10 = 180, மொத்தம் 290 என்கிற மாதிரி சரிபார்த்தும் காட்டுகிறான். யாரும் கேட்காத கணக்குக்கும் காட்டுகிறான்.

கொப்பியைப் பார்க்கிற மற்ற ஆசிரியர்கள் நல்ல பழக்கம் என்று சொல்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது எந்த நாளிலிருந்து வந்தது என்று அவனுக்கும் எனக்கும் தெரியும்.